மேரி லூ வில்லியம்ஸ்: ஜாஸ் இசையும் கல்வியும் உழைப்பின் உரிமையும்

மக்களிடையே தோன்றி வளர்ந்த கலையொன்று பல்கலைக்கழகத்தினுள் பாடநெறியாக அனுமதிக்கப்படும்பொழுது அக்கலைக்கு நிகழ்வது யாது? நீண்டகாலம் மறுக்கப்பட்ட மதிப்பை அது பெறுகின்றதா? அல்லது தன்னைத் தோற்றுவித்த வாழ்நிலையினின்றும் பிரித்தெடுக்கப்பட்டு, பரீட்சைக்குரிய பொருளாக மாற்றப்படுகின்றதா? இவ்வினாவைப் பொதுநிலையில் விவாதிப்பதிலும் பார்க்க ஒரு கலைஞரின் வாழ்க்கைப் போக்கினூடாக நோக்குவது பயன் தரும். ஐக்கிய அமெரிக்காவின் கறுப்பின இசைக்கலைஞரான மேரி லூ வில்லியம்ஸ் (1910–1981) பியானோக் கலைஞராகவும் இசையமைப்பாளராகவும் ஏறத்தாழ அரை நூற்றாண்டு உழைத்தவர். தம் வாழ்வின் இறுதி நான்கு ஆண்டுகளிற் பல்கலைக்கழக ஆசிரியராகப் பணியாற்றியவர். இம்மூன்றும் அவரது வாழ்வில் ஒன்றன்பின் ஒன்றாக வந்த மூன்று கட்டங்கள் எனப் பொதுவாகக் கூறப்படுவதுண்டு. அவை ஒரே உழைப்பின் மூன்று முகங்கள் என்பதும், அவற்றைக் கூறுபோட்டது இசையன்று, இசையை விலைப்பொருளாக்கிய சந்தையே என்பதும் இக்கட்டுரையில் நாம் நிறுவ முயலும் கருத்தாகும்.

ஜாஸ் பற்றி முற்போக்காளரிடையே ஒருமித்த கருத்து நிலவியதில்லை என்பதை முதற்கண் மனங்கொள்ளல் வேண்டும். 1936இல் அடோர்னோ ஜாஸ் பற்றி எழுதிய கட்டுரை அதனைச் சந்தைச் சரக்காகவே கண்டது. அதன் சுதந்திரத் தோற்றம் வெறும் மாயை என்றது. மறுபுறத்தில், மார்க்சிய வரலாற்றாசிரியரான எரிக் ஹொப்ஸ்போம், பிரான்சிஸ் நியூற்றன் என்ற புனைபெயரில் 1959இல் வெளியிட்ட நூலில், ஜாஸை உழைக்கும் மக்களிடையே தோன்றிய கலையாக மதித்து அதன் சமூக வரலாற்றை ஆராய்ந்தார். இவற்றுள் ஒன்றை முற்றாக ஏற்று மற்றதைத் தள்ளிவிடுதல் எளிது. ஆனால், அடிமைத்தளையில் உழன்ற மக்களின் வழிவந்தோர் தொழிற்பாடல், சமயப் பாடல், புளூஸ், றாக்ரைம் ஆகியவற்றிலிருந்து உருவாக்கிய இக்கலை, தோன்றிய சில பத்தாண்டுகளுள்ளேயே இசைத்தட்டு முதலாளிகளின் கைக்கும் சென்றது. மக்கட்கலை, விலைப்பொருள் என்ற இவ்விரண்டு தன்மைகளும் அதனுள் ஒருங்கே இயங்கின. அவற்றுக்கிடையிலான முரண்பாட்டை நாள்தோறும் வாழ்ந்து காட்டியவர் மேரி லூ வில்லியம்ஸ்.

1. வாய்மொழிக் கல்வி

1910ஆம் ஆண்டு மே 8ஆம் நாள் ஜோர்ஜியா மாநிலத்தின் அற்லான்ரா நகரில் மேரி எல்ஃப்றீடா ஸ்க்றக்ஸ் என்ற பெயருடன் பிறந்த இவர், எஃகுத் தொழில் நகரமான பிற்ஸ்பேர்க்கில் வளர்ந்தார். தென்மாநிலங்களின் நிறவெறிச் சட்டங்களினின்றும் வறுமையினின்றும் விடுபடுவதற்காக இலட்சக்கணக்கான கறுப்பின மக்கள் வடக்கின் தொழில் நகரங்களை நாடிய பெரும் இடப்பெயர்வின் ஒரு துளியே இக்குடும்பம். பிற்ஸ்பேர்க்கிலும் நிறவெறி அவர்களை விட்டகலவில்லை. அயலிலிருந்த வெள்ளையர் தம் வீட்டின்மீது கல்லெறிந்ததைப் பின்னாளில் அவர் நினைவுகூர்ந்துள்ளார்.

அவரது முதலாவது கல்வி தாயாரின் மடியிலேயே நிகழ்ந்தது. தாயார் காற்றிசைப் பெட்டி வாசிப்பவர். அவர் வாசித்த சுரங்களை, மடியிலிருந்த குழந்தை உடனே திருப்பி வாசித்ததாம். இதனிலும் முக்கியமானது அதன்பின் தாயார் எடுத்த முடிவு. முறையான பயிற்சி பெற்றதன் விளைவாகவே, எழுதிய சுரக்குறிப்பின்றி வாசிக்கும் ஆற்றலைத் தாம் இழந்துவிட்டதாக அவர் நம்பினார். ஆகவே மகளுக்கு ஆசிரியரை அமர்த்தாது, தொழில்முறைக் கலைஞர்களை வீட்டுக்கு அழைத்து வாசிக்கச் செய்தார். சிறுமி கேட்டுக் கற்றாள்.

கல்வியறிவற்றோரின் அச்சம் என இதனை ஒதுக்கிவிட முடியாது. எழுத்துவழிக் கல்வி ஓர் ஆற்றலைத் தரும்பொழுதே வேறோர் ஆற்றலைப் பறித்துவிடவும் கூடும் என்ற பட்டறிவு அதிற் பொதிந்துள்ளது. ஜாஸில் மனோதர்மமே உயிர்நிலை. கலைஞன் ஏற்கெனவே முடிந்துவிட்ட ஒன்றைத் திருப்பிச் சொல்பவனல்லன். கூட இருப்போரைக் கேட்டுக்கொண்டே அக்கணத்தில் இசையை ஆக்குபவன். அத்தகைய ஆற்றல் தாளிலிருந்தன்றி மனிதரிடமிருந்தே கற்கப்படுவது. அறுபது ஆண்டுகளின் பின்னர் பல்கலைக்கழக வகுப்பறையில் மேரி லூ வற்புறுத்திய கருத்தும் இதுவே.

2. கன்சாஸ் சிற்றி: பெயரற்ற உழைப்பு

சிறுவயதிலேயே செல்வந்தர் வீட்டு விருந்துகளிலும் பின்னர் நாடகக் குழுக்களிலும் வாசித்துப் பொருளீட்டத் தொடங்கிய இவர், சக்சபோன் கலைஞரான ஜோன் வில்லியம்ஸை இளவயதிலேயே மணந்தார். 1929இல் அண்டி கேர்க் தலைமையேற்ற இசைக்குழுவில் ஜோன் இருந்தார். அக்குழு கன்சாஸ் சிற்றியைத் தன் தளமாக்கிக் கொண்டது. குழுவின் பியானோ இருக்கை மேரி லூவுக்கு உடனே கிடைத்துவிடவில்லை. இசையில் வேலையற்றிருந்த காலத்தில், இறந்தோரின் உடல்களைக் கொண்டுசெல்லும் வண்டியையும் அவர் ஓட்டியிருக்கின்றார்.

அக்காலக் கன்சாஸ் சிற்றியின் இயல்பு விளக்கத்துக்குரியது. ரொம் பென்டகாஸ்ற் என்ற அரசியல் தலைவரின் ஊழல் ஆட்சியில், மதுவிலக்குச் சட்டமும் பொருளாதாரப் பெருமந்தமும் பொருட்படுத்தப்படாது இரவு விடுதிகள் இயங்கின. நாடெங்கும் இசைக்கலைஞர் வேலையிழந்து நின்றபொழுது இங்கு வேலை கிடைத்தது. தொழில் முடிந்த பின்னர், விடியும்வரை கலைஞர்கள் ஒருவரோடொருவர் போட்டியிட்டு வாசித்த அமர்வுகளே அவர்களின் கல்லூரியாயின. அங்கே ஆசிரியர், மாணவர் என்ற நிலையான பிரிவு இருந்ததில்லை. 1939இல் பென்டகாஸ்ற் வருமானவரி ஏய்ப்புக்காகச் சிறைசென்றதும் அந்த இரவு வாழ்க்கை தேயத் தொடங்கியது. கலை செழித்த களம் குற்றத்தின் பொருளாதாரத்தில் தங்கியிருந்தமை, கறுப்பினக் கலைஞருக்கு நேரிய வழிகள் எத்துணை அடைபட்டிருந்தன என்பதையே காட்டுகின்றது.

இக்குழுவிலேதான் மேரி லூ இசையமைப்பாளரானார். தொடக்கத்தில் அவர் மனத்தில் எழுந்த இசையைக் கேர்க்கே சுரக்குறிப்பில் எழுதினார். விரைவில் அவர் தாமே எழுதக் கற்றுக்கொண்டார். 1936இல் ஒலிப்பதிவான ‘வோக்கிங் அன்ட் ஸ்விங்கிங்’ அவரது கைத்திறனுக்குச் சான்று. சக்சபோன் வரிசையுடன் ஒரு ட்றம்பெற்றையும் சேர்த்து, கருவிகளின் குறைந்த தொகையிலிருந்து நிறைந்த ஒலியை அவர் அதில் வெளிக்கொணர்ந்தார். பற்றாக்குறையே புத்தாக்கத்துக்குத் தூண்டுகோலாயிற்று. அப்படைப்பில் வரும் சுரத்தொடர் ஒன்றைப் பின்னாளில் தெலோனியஸ் மொங்கின் புகழ்பெற்ற ‘றிதம்-எ-னிங்’ என்ற படைப்பிலும் கேட்கலாம். 1937இல் பெனி குட்மனின் குழுவுக்காக அவர் ஆக்கிய ‘றோல் எம்’, இடக்கை ஒரே தாளத்தொடரை இடைவிடாது மீட்டும் பூகி-வூகி என்ற பியானோ முறையைப் பெரிய வாத்தியக் குழுவுக்கு விரித்துக் காட்டியது. தமக்கு மட்டுமே எழுதுமாறு குட்மன் கேட்டபொழுது, அவர் அதற்கு இணங்கவில்லை.

இவ்வுழைப்பின் பயன் எவரைச் சென்றடைந்தது? இசைத்தட்டின்மேல் குழுத்தலைவரின் பெயரே பெரிதாக அச்சாயிற்று. கேட்போர் ஆடிய இசையைக் கட்டமைத்தவர், இசை ஒழுங்கமைப்பாளர் என்ற பெயருடன் பின்னணியில் நிறுத்தப்பட்டார். 1930இல் தாம் தனித்து வாசித்த முதலாவது இசைத்தட்டுக்கு உரிமைப்பணம் எதுவும் கிடைக்கவில்லை என அவரே பிற்காலத்தில் எழுதினார். பெண் என்பதால் அவரை ஒரு விந்தைப்பொருளாகக் காட்டி விளம்பரம் செய்த சந்தை, பெண் என்பதாலேயே அவரது ஆக்கவுழைப்பைத் துணைவேலையாகவும் மதித்தது. இனம், வர்க்கம், பால் என்னும் மூன்று ஒடுக்குமுறைகளும் ஒரே கணக்கேட்டில் இங்கு சந்திக்கின்றன. 1942இல் அவர் அக்குழுவை விட்டு நீங்கினார்.

3. ஹார்லெம்: கூலியற்ற ஆசான்

நியூயோர்க்கில் அவருக்கு வாய்த்த களம் ‘கஃபே சொசைற்றி’ என்ற விடுதி. பார்னி ஜோசப்சன் 1938இல் தொடங்கிய இவ்விடுதியிற் கறுப்பினத்தவரும் வெள்ளையரும் மேடையில் மட்டுமன்றிப் பார்வையாளர் இருக்கைகளிலும் சரிநிகராக அமர்ந்தனர். அந்நகரில் அது புதுமை. இடதுசாரிகளும் முற்போக்கு அறிவாளரும் கூடிய இடமாகவும் அது விளங்கியது. 1947இல் ஜோசப்சனின் கம்யூனிஸ்ற் சகோதரர் காங்கிரஸின் விசாரணைக் குழுவுக்குப் பதிலளிக்க மறுத்துத் தண்டிக்கப்பட்டதைத் தொடர்ந்து, விடுதிக்கு எதிரான பிரசாரம் வலுத்தது. அடுத்த சில ஆண்டுகளுள் அது மூடப்பட்டது. ஒரு மக்கட்கலையின் சிறந்த மேடைகளுள் ஒன்று அரசியல் வேட்டையினால் அழிந்தது என்பதை இசை வரலாறுகள் போதியளவு வற்புறுத்துவதில்லை.

1945இல் பன்னிரு இராசிகளின் பெயரால் மேரி லூ ஆக்கிய ‘சோடியாக் ஸ்வீற்’ என்ற இசைக்கோவை இக்காலத்தின் சிகரம். ஒவ்வொரு பகுதியும் அந்தந்த இராசியிற் பிறந்த, அவர் மதித்த கலைஞர்க்குரிய காணிக்கையாக அமைந்தது. 1945 டிசெம்பர் 31ஆம் நாள் நியூயோர்க் ரவுண் மண்டபத்தில் இது சிறு வாத்தியக் குழுவுடன் அரங்கேறியது. 1946இல் இதன் சில பகுதிகள் கார்னெகி மண்டபத்தில் முழு வாத்தியக் குழுவுடன் இசைக்கப்பட்டன. எழுதப்பட்ட ஐரோப்பிய இசைமரபும் மனோதர்மத்தில் வாழும் கறுப்பின மரபும் ஒன்றையொன்று விழுங்கிவிடாது உரையாடக் கூடும் என்பதை இப்படைப்பு உணர்த்தியது.

ஆயின் எமது ஆய்வுக்கு இவ்வரங்குகளிலும் முக்கியமானது ஹார்லெம் பகுதியின் ஹமில்ற்றன் ரெறஸிலிருந்த அவரது வீடு. பீபொப் என்ற புதிய இசைப்போக்கை உருவாக்கிக்கொண்டிருந்த தெலோனியஸ் மொங்க், பட் பவல், டிஸி கிலெஸ்பி, ரட் டமரன் முதலியோர் தொழில் முடிந்த பின்னர் அங்கு கூடினர். எழுதியவற்றைப் பியானோவில் வாசித்துக் காட்டினர், கேட்டனர், திருத்தினர். அவருடைய தலைமுறையினர் பலர் இப்புதிய இசையை எள்ளியபொழுது, அவர் அதனைப் பேணி வளர்த்தார். வருகைப் பதிவேடோ பட்டமோ ஊதியமோ அங்கில்லை. எனினும் ஒரு பல்கலைக்கழகத்துக்குரிய தலையாய பணி, அதாவது அறிவைக் கூட்டாக ஆக்கி அடுத்த தலைமுறைக்குக் கையளித்தல், அவ்வீட்டில் நிகழ்ந்தது. அவரை 1977இல் ஆசிரியரானவர் எனக் கூறுவது இதனாலேயே பிழையாகும்.

4. மௌனமும் மீள்வருகையும்

1952இன் இறுதியில் இங்கிலாந்து சென்ற மேரி லூ, 1954இல் பாரிஸ் நகரில் நிகழ்ச்சியொன்றின் இடையே மேடையை விட்டு நீங்கினார். சில ஆண்டுகள் இசைத்தொழிலைத் துறந்தார். 1957இல் கத்தோலிக்க சமயத்தைத் தழுவினார். அதே ஆண்டு நியூபோர்ட் இசைவிழாவில் கிலெஸ்பியின் குழுவுடன் மீண்டும் மேடையேறினார்.

இச்சமய ஈடுபாட்டைப் பின்வாங்கலாக மட்டும் கண்டுவிடுவது இயந்திரப் பாங்கான நோக்காகும். போதைக்கும் நோய்க்கும் இரையான இசைக்கலைஞர்களுக்கு உதவுவதற்காக அவர் ‘பெல் கான்ரோ’ அறநிறுவனத்தைத் தொடங்கினார். அதற்கு நிதிதிரட்ட ஹார்லெமிற் பழம்பொருட்கடை நடத்தினார். தொழிலாளரை உறிஞ்சிச் சக்கையாக வீசும் ஒரு தொழிற்றுறையில், அத்தொழிலாளரின் துயருக்குத் தனியொருவர் தேடிய பரிகாரம் அது. அதன் எல்லைகள் தெளிவானவை. தருமத்தால் ஒரு தொழிலமைப்பை மாற்றிவிட முடியாது. ஆயினும் அதன் பின்னாலிருந்த தோழமை போலியானதன்று. 1962இல் அவர் ஆக்கிய ‘அந்தீசின் கறுப்புக் கிறிஸ்து’ என்ற துதிப்பாடல், அவ்வாண்டிற் புனிதராகப் பிரகடனஞ் செய்யப்பட்ட பெரு நாட்டின் மார்ட்டின் டி பொறெஸைப் போற்றுவது. விடுதலை பெற்ற கறுப்பினப் பெண்ணொருத்தியின் மகனாகிய ஒருவரைப் பாடுபொருளாகத் தேர்ந்தமை, குடியுரிமைப் போராட்டம் கொழுந்துவிட்ட அவ்வாண்டுகளில் தற்செயலானதெனக் கொள்ளத்தக்கதன்று.

அப்படைப்புகளைத் தமது சொந்த நிறுவனமான ‘மேரி றெக்கோர்ட்ஸ்’ மூலம் அவர் வெளியிட்டமை மற்றொரு முக்கிய நிகழ்வு. தம் உழைப்பின் விளைபொருளைத் தாமே உடைமையாக்கிக்கொள்ளும் முயற்சி அது. பின்னர் அவர் மூன்று திருப்பலி இசைகளை ஆக்கினார். அவற்றுள் மூன்றாவதை, ‘மேரி லூவின் திருப்பலி’ என்ற பெயரில் அல்வின் எய்லி 1971இல் நடனமாக அமைத்தார். 1975இல் அது நியூயோர்க்கின் புனித பற்றிக் பேராலயத்தில் இசைக்கப்பட்டது. முதலாவது திருப்பலி, 1967இற் பிற்ஸ்பேர்க்கின் கத்தோலிக்க உயர்பாடசாலையொன்றிற் கற்பித்த காலத்தில் மாணவியருக்காக எழுதப்பட்டது. ஆக்கமும் கற்பித்தலும் இங்கு ஒரே செயலாயின.

5. பல்கலைக்கழகமும் ஜாஸும்

ஜாஸ் ஐக்கிய அமெரிக்காவின் உயர்கல்வி நிறுவனங்களினுள் நுழைந்த வரலாறு கசப்பான முரண் கொண்டது. ஜாஸ் தொடர்பான முதலாவது பட்டநெறி, நடனக்குழு இசை என்ற பெயரில், 1947இல் வட ரெக்சாஸிலுள்ள அரச கல்லூரியில் ஆரம்பமாயிற்று. அக்கல்லூரியோ 1950களின் நடுப்பகுதிவரை கறுப்பின மாணவரை அனுமதிக்காத ஒன்று. கலை உள்ளே சென்றது. அதனைப் படைத்த மக்கள் வாயிலில் நிறுத்தப்பட்டனர்.

1977இல் மேரி லூவை வதிவிடக் கலைஞராக நியமித்த டியூக் பல்கலைக்கழகமும் இவ்வரலாற்றுக்குப் புறம்பானதன்று. வட கரோலைனாவின் டர்ஹம் நகரிலுள்ள அது, புகையிலைத் தொழிலில் முதலாளியான டியூக் குடும்பத்தின் செல்வத்தால் 1924இல் அப்பெயரைப் பெற்றது. இளநிலைப் பட்டப்படிப்பிற் கறுப்பின மாணவரை அது சேர்த்துக்கொண்டது 1963இலேயே. 1968 ஏப்ரலில், மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டதையடுத்து, பெரும்பாலும் கறுப்பினத்தவரான சிற்றூழியருக்கு மணித்தியாலத்துக்கு 1.60 டொலர் குறைந்தபட்சக் கூலி வேண்டுமெனவும் அவர்களின் தொழிற்சங்கம் ஏற்கப்பட வேண்டுமெனவும் கோரி மாணவர் திரளாக அமர்ந்து போராடினர். 1969 பெப்ரவரியிற் கறுப்பின மாணவர் நிருவாகக் கட்டிடத்தைக் கைப்பற்றி, ஆபிரிக்க-அமெரிக்கக் கற்கைகளுக்குத் தனித்துறை கோரினர். பொலிசார் கண்ணீர்ப்புகை வீசினர். இப்போராட்டங்களினாலேயே அப்பல்கலைக்கழகத்தின் கதவுகள் மெல்ல அகன்றன. அகன்ற கதவினூடாகவே, பல்கலைக்கழகத்திற் படித்துப் பட்டம் பெறாத ஒரு முதிய கறுப்பினப் பெண் ஆசிரியராக உள்ளே செல்ல முடிந்தது. நிறுவனத்தின் தாராள மனப்பான்மையின் விளைவாக மட்டும் அந்நியமனத்தைக் கொள்வது வரலாற்றைத் தலைகீழாக நிறுத்துவதாகும்.

ஜாஸ் வரலாற்றை அவர் நூல்களிலிருந்து கற்பிக்கவில்லை. பியானோவின் முன்னமர்ந்து, சமயப் பாடல், றாக்ரைம், புளூஸ், கன்சாஸ் சிற்றியின் ஸ்விங், பீபொப் என ஒவ்வொரு காலத்தையும் விரல்களாற் காட்டினார். அந்த முழு வரலாற்றையும் தாமே வாழ்ந்தவர் என்பதால் அவரது பாடம் சான்றாகவும் அமைந்தது. மாணவரின் ஜாஸ் குழுவையும் அவர் நெறிப்படுத்தினார். அவரது எண்ணத்தை ஓவியர் டேவிட் ஸ்ரோன் மார்ட்டின் ஒரு மரமாக வரைந்துள்ளார். அம்மரத்தின் வேரிலே கறுப்பின மக்களின் துன்பம் எழுதப்பட்டுள்ளது. அதிலிருந்தே சமயப் பாடலும் புளூஸும் அடிமரமாக எழுகின்றன. கலையின் மேற்கட்டுமானத்தை மக்களின் வாழ்நிலையிலிருந்து விளக்கும் நோக்கை, எமது கலைச்சொற்கள் எவையுமின்றி, ஒரு படத்தில் அவர் கண்டிருந்தார்.

இதன் குறைபாட்டையும் கூறல் வேண்டும். அம்மரத்திற் சந்தையிசை மட்டுமன்றி 1960களின் புரட்சிகரச் சோதனையிசையும் பட்ட கிளையாகவே காட்டப்பட்டது. 1977 ஏப்ரலில், அப்போக்கின் முன்னோடியான சிசில் ரெய்லருடன் கார்னெகி மண்டபத்தில் அவர் இரட்டைப் பியானோ வாசித்தார். இரு தலைமுறைகளின் இணக்கத்திலும் பார்க்க மோதலையே அவ்வரங்கு பெரிதும் வெளிப்படுத்தியது. முப்பது ஆண்டுகளுக்கு முன் பீபொப் கலைஞருக்குத் திறந்திருந்த செவி, இப்புதிய சினத்தின் முன் அவ்வளவு எளிதில் திறக்கவில்லை. எனினும் அழைப்பை விடுத்தவர் அவரே என்பது குறிப்பிடத்தக்கது.

6. மதிப்பீடு

1981 மே 28ஆம் நாள் டர்ஹம் நகரில் அவர் காலமானார். 1983இல் டியூக் பல்கலைக்கழகத்தில் அவர் பெயரால் கறுப்பினப் பண்பாட்டு நிலையம் ஒன்று நிறுவப்பட்டது. அவரது கையெழுத்துப் படிகளும் ஆவணங்களும் றட்கேர்ஸ் பல்கலைக்கழகத்தின் ஜாஸ் ஆய்வு நிறுவனத்திற் பேணப்படுகின்றன.

தொகுத்து நோக்குமிடத்து, மூன்று உண்மைகள் புலனாகின்றன. முதலாவது, ஹார்லெம் வீட்டில் ஊதியமின்றிச் செய்த அதே பணிக்கே டியூக்கில் அவர் ஊதியம் பெற்றார். மாறியது பணியன்று, அப்பணியை உழைப்பென ஏற்கும் சமூக ஒப்புதலே. இரண்டாவது, அந்த ஒப்புதல் கிட்டிய காலத்தில் கன்சாஸ் சிற்றியின் இரவு அமர்வுகளும் கஃபே சொசைற்றியும் மறைந்துவிட்டன. தன் இயல்பான கல்விக்களங்களை இழந்த பின்னரே ஜாஸுக்கு வகுப்பறை பரவலாகத் திறந்தது. ஆகவே வகுப்பறை அக்களங்களுக்கு ஈடாகாது. அவை ஏன் அழிந்தன என்பதையும் கற்பிக்கும் கடப்பாடு அதற்குண்டு. மூன்றாவது, மக்கட்கலையைப் பாடநெறியாக்குவது மட்டும் அம்மக்களை மதிப்பதாகாது. அக்கலையை ஆக்கியோர் ஆசிரியராகவும் அவர்தம் பிள்ளைகள் மாணவராகவும் அமரும்பொழுதே அம்மதிப்பு மெய்யாகின்றது.

பல்கலைக்கழகங்களிற் பணியாற்றும் நாம் எக்கலையைப் பாடத்திட்டத்திற் சேர்க்கும்பொழுதும், அதனை வாழவைத்தோர் எங்கே நிற்கின்றனர், அவர்களது உழைப்புக்குரிய கூலியும் பெயரும் எவரிடம் சென்றன என வினவுதல் வேண்டும். அவ்வினாவை எழுப்பாத கலைக்கல்வி, சுரங்களைச் சரியாகக் கற்பித்தாலும் வரலாற்றைப் பிழையாகவே கற்பிக்கும்.